கையால் தொட்டால் நிற்கிறது, கட்டில் காலில் இடித்தால் நிற்கவில்லை: உதவி வேண்டும்

ரங்கூன் பொண்ணு:
வணக்கம். அப்பாயிக்கு மூட்டுவலி, தண்ணீருக்காக அடிக்கடி எழுந்து அடுப்படிக்கு நடக்க முடியவில்லை, அதனால் டம்ளரைச் சுமந்து அறைக்கு வரும் சின்ன வண்டி ஒன்று செய்கிறேன். மூளையாக ஆர்டுயினோ ஊனோ என்ற சின்னக் கன்ட்ரோல் போர்டு, முன்விளிம்பில் ஷார்ப் ஜிபி2ஒய்0ஏ21 தூர சென்சார், அதற்குக் கீழே டிடிபி223 டச் சென்சார். தூர சென்சாரின் ரீடிங் (செ.மீ. அல்ல, பொருள் நெருங்கினால் ஏறும் எண்) 300ஐத் தாண்டினாலோ டச் விழுந்தாலோ நிற்க வேண்டும். சுவரைப் பார்த்து நேராக விட்டால் நிற்கிறது. திரும்பும்போது மட்டும் தேக்குக் கட்டிலின் காலில் இடித்து, இடித்த பிறகும் தள்ளிக்கொண்டே இருக்கிறது, டம்ளர் கவிழ்கிறது. அப்போது ரீடிங் 200க்குப் பக்கம். டச்சும் விழவில்லை, ஆனால் விரல் வைத்தால் உடனே விழுகிறது! டச் போர்டை மாற்றியும் அதே கதை.

மாண்டலே ரிப்பேர்:
தங்கச்சி, போர்டு இரண்டும் நல்ல போர்டுதான். ஒரு மரக்கரண்டியால் தொட்டுப் பாருங்கள், அப்புறம் கையில் எவர்சில்வர் டம்ளரைப் பிடித்துக்கொண்டு அதால் தொட்டுப் பாருங்கள்.

ரங்கூன் பொண்ணு:
கரண்டிக்கு அசையவில்லை. டம்ளருக்கு நிற்கிறது!

மாண்டலே ரிப்பேர்:
அதுதான் விஷயம். டிடிபி223 அழுத்தத்தை அளப்பதில்லை, தகட்டின் கெப்பாசிட்டன்ஸ், அதாவது மின்னூட்டம் பிடித்துவைக்கும் திறன், கூடுகிறதா என்று மட்டும் பார்க்கிறது. நம் உடம்பு மின்சாரம் கடத்தும், அதனால் விரல் வந்ததும் கூடிவிடும். காய்ந்த தேக்கு எவ்வளவு வேகமாக இடித்தாலும் அதற்குக் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லாத மாதிரிதான். பெயரில் டச் என்று இருப்பதால் எத்தனையோ பேர் இதைப் பம்பருக்குப் போட்டுவிட்டு நாள் கணக்கில் தேடுகிறார்கள். இடியை உணர மைக்ரோ சுவிட்ச் போதும். பழைய கம்ப்யூட்டர் மவுஸ் ஒன்றைப் பிரித்தால் இரண்டு கிடைக்கும். ஒரு கால் கிரவுண்டுக்கு, ஒரு கால் ஆர்டுயினோவின் இன்புட் பின்னுக்கு, புரோகிராமில் இன்புட் புல்லப் (சுவிட்ச் அழுந்தாதபோது அந்தப் பின்னை ஹையில் வைக்கும் அமைப்பு). வண்டியின் முழு அகலத்துக்கு ஒரு பிளாஸ்டிக் பட்டை கட்டி, இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு சுவிட்ச். முதல் தொடுதலிலேயே மோட்டாரை நிறுத்துங்கள், டிபவுன்ஸ், அதாவது சுவிட்ச் துள்ளல் அடங்கக் காத்திருக்கும் 20 மில்லிசெகண்டை, மறுபடி கிளம்பும்போது பார்த்துக்கொள்ளலாம்.

பகோ அண்ணன்:
சுவிட்ச் சரி, ஆனால் அந்த 200ஐ விட்டுவிடாதீர்கள். இந்த ஷார்ப் சென்சார் 10 முதல் 80 செ.மீ. வரைக்கும்தான் சரியாகச் சொல்லும். பொருள் நெருங்க நெருங்க வோல்டேஜ் ஏறி, ஆறு ஏழு செ.மீ.க்கு வந்ததும் உச்சம் தொட்டு, அதற்கும் உள்ளே வந்தால் திரும்ப இறங்கிவிடும். இரண்டு செ.மீ.யில் நிற்கும் கட்டில் கால் அதற்கு முப்பது செ.மீ. தூரத்தில் இருப்பது போலத் தெரியும். சுவர் தூரத்திலிருந்து வருவதால் 300ஐ முதலிலேயே தாண்டி நின்றுவிடுகிறீர்கள், திரும்பும்போது கால் பக்கவாட்டிலிருந்து நேரே அந்தக் குருட்டு இடத்துக்குள் வந்துவிடுகிறது. இதைப் புரோகிராமில் சரிசெய்ய முடியாது, சென்சாரை முன்விளிம்பிலிருந்து 10 செ.மீ. பின்னால் தள்ளி வையுங்கள். 300 அப்படியே இருக்கட்டும், அது சுமார் 17 செ.மீ. தூரம், அதனால் பம்பருக்கு ஏழு செ.மீ. முன்பே நிற்கும். அப்புறம், புரோகிராமில் திரும்பத் திரும்ப ஓடும் லூப்பில் டிலே 500 (அரை நொடி சும்மா காத்திருப்பது) மாதிரி ஏதாவது இருக்கிறதா?

ரங்கூன் பொண்ணு:
இருக்கிறது அண்ணா, சீரியலில், அதாவது கம்ப்யூட்டர் திரையில், எண்களைப் படிக்கப் போட்டேன்.

பகோ அண்ணன்:
உடனே எடுங்கள். நொடிக்கு 20 செ.மீ. ஓடினாலும் அந்த அரை நொடியில் 10 செ.மீ. கண்ணை மூடிக்கொண்டு போகிறது. சென்சார் சுமார் 40 மில்லிசெகண்டுக்கு ஒரு முறை புது அளவு தரும், நிற்காமல் நேரம் பார்க்கும் மில்லிஸ் வைத்து அந்த வேகத்தில் படியுங்கள். சென்சாரின் பவர் கால்களுக்கு நடுவில் 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றும் போடுங்கள், மோட்டார் கிளம்பும்போது எண் குதிப்பது குறையும்.

ரங்கூன் பொண்ணு:
நேற்று ராத்திரி கரண்ட் இல்லை, மெழுகுவத்தி வெளிச்சத்தில் சால்டர் செய்ய அப்பா விடவில்லை, அதனால் இன்று காலையில்தான் முடித்தேன். சென்சாரைப் பின்னால் தள்ளியதும் எப்போதும் 450 காட்டியது, பயந்தே போனேன், பார்த்தால் தட்டைத் தாங்கும் குச்சி அதன் பார்வைக்கு நடுவில் நின்றது. குச்சியை ஓரத்துக்கு மாற்றினேன். கட்டிலைச் சுற்றிப் பத்து தடவை விட்டேன், எட்டு தடவை தொடாமலே நின்றது, இரண்டு தடவை பம்பர் தொட்டு நின்றது. தண்ணீர் சிந்தவில்லை, அப்பாயி கையை நீட்டி டம்ளரை எடுத்துக்கொண்டார்கள். ஒன்றுதான் பாக்கி, கொசுவலை தரையில் தொங்குகிறது, பம்பர் அழுந்தாமல் வலை சக்கரத்தில் சுற்றிக்கொள்கிறது.

மாண்டலே ரிப்பேர்:
வலைக்கு சென்சார் தேடாதீர்கள் தங்கச்சி, மெத்தைக்கு அடியில் செருகிவிடுங்கள்.