வழக்கு நடக்கும் முன்பே வாய்ப்பூட்டா?

செந்தூல்வாசி:
எங்கள் பகுதிச் சங்கம் ஒன்றின் தலைவர் ஊரறிந்த பெரிய மனிதர். கட்டட நிதிக்குக் கணக்கு கேட்ட மூன்று உறுப்பினர்கள் மீது கோர்ட்டில் இடைக்காலத் தடை வாங்கிவிட்டார். உத்தரவைக் கையில் வாங்கிப் படித்தேன். எந்த வரி அவதூறு என்று அதில் ஓர் இடத்திலும் இல்லை. ‘கட்டட நிதி தொடர்பான எதையும்’ வாட்சாப்பிலோ முகநூலிலோ போடக்கூடாது, அவ்வளவுதான். இவர்கள் தரப்பை யாரும் கேட்கவில்லை. மூவரில் ஒருவர் ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநர். லோயர் கேட்ட முன்பணத்தைக் கேட்டதுமே எழுதியதை எல்லாம் அழித்துவிட்டார். விசாரணையே தொடங்கவில்லை, அதற்குள் ஒருவர் வாயடைத்துப் போனார். பதவியில் இருப்பவர்களுக்கு இந்த ஆயுதம் தேவைதானா?

வழக்காடி:
அண்ணே, பாதியைத்தான் சொல்கிறீர்கள். எதிர்த்தரப்பைக் கேட்காமல் கொடுத்த தடை 21 நாளில் தானாகவே காலாவதியாகிவிடும். 14 நாளுக்குள் இரு தரப்பையும் வைத்து விசாரிக்க வேண்டும் என்று மலேசியாவின் 2012ஆம் ஆண்டு நீதிமன்ற விதிகளே சொல்கின்றன. தடை தவறு என்று பின்னால் தெரிந்தால் நஷ்டத்தை ஈடுகட்டுவதாகத் தலைவரும் உறுதி கொடுத்திருப்பார். வாட்சாப்பில் ஒரு பொய் ஒரே ராத்திரியில் ஊரைச் சுற்றிவிடும். மூன்று வருஷம் கழித்து வரும் இழப்பீடு போன மானத்தைக் கொண்டுவந்து கொடுக்குமா?

பட்டர்வொர்த் அக்கா:
தம்பி, நானும் வழக்காடி பக்கம்தான். எங்கள் உறவில் ஓர் ஆசிரியையைப் பற்றி முகநூலில் அசிங்கமாக எழுதினார்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகவே கூசினார்கள். தடை வந்த பிறகுதான் வீட்டில் அடுப்பு எரிந்தது. பிரபலங்களுக்கும் பிள்ளைகள் உண்டு. இங்கிலாந்தில் 2016இல் ஒரு பிரபலத்தின் அந்தரங்க விவகாரம் வெளிநாட்டு ஏடுகளில் வந்து இணையம் முழுக்கப் பரவியிருந்தது. அப்படியும் உச்ச நீதிமன்றம் தடையை நீக்கவில்லை. அந்தக் குழந்தைகளின் நலனையும் பார்த்துத்தான் அப்படிச் செய்தது.

செந்தூல்வாசி:
அக்கா, அந்த ஆசிரியைக்குக் கிடைத்த தடையை நான் ஒரு நாளும் குறை சொல்ல மாட்டேன். படுக்கையறை வேறு, கணக்குப் புத்தகம் வேறு. 2011இல் கால்பந்து வீரர் ரயன் கிக்ஸ் வாங்கிய தடை அவருடைய சொந்த விவகாரம். நாடாளுமன்றத்தில் ஓர் உறுப்பினர் பெயரைப் போட்டு உடைத்தார், அதனால் நாட்டுக்கு என்ன லாபம்? ஆனால் அதே இங்கிலாந்தில் 2009இல் டிராஃபிகுரா நிறுவனம் என்ன செய்தது? ஐவரி கோஸ்டில் கொட்டப்பட்ட நச்சுக்கழிவு பற்றிய அறிக்கையை வெளியிட கார்டியன் பத்திரிகைக்குத் தடை. தடை இருக்கிறது என்று சொல்லவும் தடை. நாடாளுமன்றத்தில் எழுந்த கேள்வியைக்கூட அச்சிட முடியாமல் நின்றார்கள். மக்கள் உயிர், மக்கள் பணம் சம்பந்தப்பட்ட இடத்தில் இந்தக் கதவைத் திறக்கவே கூடாது என்கிறேன்.

நம் ஊரிலேயே பாருங்கள். 2018 ஜூலை 4ஆம் தேதி கோலாலம்பூர் ஜாலான் டூத்தா நீதிமன்றத்தில் நஜிப் மீது குற்றம் சாட்டிய அன்றே, அந்த வழக்கின் சாதக பாதகங்களை யாரும் பேசக்கூடாது என்று தடை வந்தது. முன்னாள் பிரதமர், பொதுப்பணம்!

வழக்காடி:
அதே தடையை ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் நீட்டிக்க மறுத்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள். சட்டம் தன்னைத்தானே திருத்திக்கொண்டது. இன்னொன்று, ‘எழுதியது உண்மை, நிரூபிப்பேன்’ என்று எழுதியவர் நின்றால் அவதூறு வழக்கில் சாதாரணமாக இடைக்காலத் தடை கொடுப்பதில்லை. 1891இல் இங்கிலாந்தில் வந்த தீர்ப்பு அது, நம் நீதிமன்றங்களும் பின்பற்றி வந்திருக்கின்றன. உங்கள் ஆட்கள் விசாரணைத் தேதியன்று போய் அதைச் சொல்லட்டும்.

மட்டுறுத்துநர்:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். சங்கத்தின் பெயரோ தலைவரின் பெயரோ இங்கே வரக்கூடாது. வாசகர்கள் எழுதிய பின்னூட்டங்களுக்காக 2021இல் மலேசியாகினி செய்தித் தளத்துக்கு 5 லட்சம் வெள்ளி (ரிங்கிட்) அபராதம் விதித்தார்கள். சாட்சியச் சட்டத்தின் 114ஏ பிரிவுப்படி, தளத்தை நடத்துபவரே வெளியிட்டதாகத்தான் முதலில் எடுத்துக்கொள்வார்கள். பெயருடன் வந்த இரண்டு பதிவுகளை நீக்கிவிட்டேன்.

செந்தூல்வாசி:
நீக்கியது சரிதான். வழக்காடி தம்பி, நீங்கள் சொல்லும் 1891 விதி, சொன்னதை நிரூபிக்கக் கூடியவனுக்குத்தான் துணை. இவர்கள் யாரையும் திருடன் என்று சொல்லவில்லையே. ‘நன்கொடை எவ்வளவு வந்தது, எங்கே போனது?’ என்றுதான் கேட்டார்கள். கேள்வி கேட்டவன் எதை நிரூபிப்பான்? ரசீதும் வங்கிக் கணக்கும் வழக்குப் போட்டவர் கையில் அல்லவா இருக்கிறது?

வழக்காடி:
அது நியாயமான வாதம், அதையே நீதிபதியிடம் வையுங்கள். தடையின் வாசகம் மிக அகலம் என்றும் சொல்லலாம், சுருக்கித் தர வாய்ப்புண்டு. ஆனால் தடையே வேண்டாம் என்பதை நான் ஏற்க மாட்டேன். அக்கா சொன்ன ஆசிரியைக்கு வேறு என்ன வழி இருந்தது? கணக்குக்கு வேறு வழி உண்டு. ஆண்டுக் கூட்டம் முடிந்த 60 நாளுக்குள் சங்கப் பதிவிலாகாவுக்கு வரவு செலவு அனுப்பியே ஆக வேண்டும். அங்கே போய்க் கேளுங்கள்.

செந்தூல்வாசி:
திங்கட்கிழமை போகிறோம். ஆனால் அங்கே கணக்கு கிடைத்தாலும் அதை மற்ற உறுப்பினர்களின் வாட்சாப் குழுவில் போட்டால் நீதிமன்ற அவமதிப்பு ஆகிவிடும். பணம் போட்டவர்கள் எழுநூறு பேருக்கு மேல். அவர்களுக்கு எப்படிச் சொல்வது, அதற்கு வழி சொல்லுங்கள்.