அம்மாட கண் ஒபரேசன்: அன்டைக்கே வீட்ட போறதா, ஒரு ராவு வாட்டில நிக்கிறதா?

மண்டூர்_மகள்:
அம்மாக்கு 74 வயசு, சீனி வருத்தமும் இருக்கு. வலக்கண்ணுல வெண்புரை முத்திட்டு, விளக்கு பத்த வெக்கக்குள்ள திரி எங்க என்டு விரலால தடவித்தான் பாக்கிறா, போன கிழமை விரலையும் சுட்டுக்கொண்டா. மட்டக்களப்பில ஒபரேசனுக்கு திகதி தந்துட்டாங்க. பின்னேரமே வீட்ட போகலாம், விருப்பமென்டா ஒரு ராவு வாட்டில நிக்கலாம் என்டுறாங்க. ஊருல எல்லாரும் வாட்டில வெச்சாத்தான் பாதுகாப்பாம். நாங்க மண்டூர், வாவியக் கடந்து குருமண்வெளிக்கு பாதையில (ஆக்கள ஏத்திற மிதவைப் படகில) வந்துதான் பஸ் எடுக்கோணும். செய்வித்த ஆக்கள் சொல்லுங்க.

கல்லடி_தம்பி:
அக்கா, எங்கட அப்பாவ அன்டைக்கே விட்டாங்க. ஒபரேசன் 20 நிமிசம், பகல் 2 மணிக்கு வீட்ட வந்து மீன் சொதியோட சோறு தின்டார். ஆனா எங்களுக்கு ஆஸ்பத்திரி பக்கம், அத வெச்சி நீங்க முடிவெடுக்காதீங்க.

ஓய்வுபெற்ற_மிஸ்:
மகள், நான் கண் வாட்டில கனகாலம் நர்சா வேலை செஞ்சவ. முந்தி கண்ண அகலமா வெட்டி தையல் போட்டு, ஆக்கள அசையாம நாள்கணக்கா கிடத்தி வெச்சம், அந்தப் பயம்தான் இன்னும் ஊருல கிடக்கு. இப்ப பேகோ முறையில, அதாவது ஒலி அலையால புரைய உடைச்சி உறிஞ்சி எடுக்கிறதில, வெட்டு கிட்டத்தட்ட 3 மில்லிமீற்றர்தான், அனேகமா தையல் இல்லாமலே மூடிக்கொள்ளும். ஸ்பெயின்லயும் அமெரிக்காவிலயும் 1284 பேர வெச்சி செஞ்ச 2 ஆய்வ கொக்ரேன் என்டுற, மருத்துவ ஆய்வுகள ஒண்டாச் சேத்து அலசிற அமைப்பிட தொகுப்பில சேத்து பாத்திருக்காங்க. அன்டைக்கே போனவங்களுக்கும் வாட்டில நிண்டவங்களுக்கும் பிறகு பார்வையில பெரிய வித்தியாசமில்ல. வீட்ட போனவங்கள்ல தொடக்கத்தில கண் அழுத்தம் கூடின ஆக்கள் அதிகம், ஆனா 4 மாசத்தில பாத்தா அது பார்வைய பாதிக்கல்ல.

உங்களுக்கு கஷ்டம் அடுத்த நாள் காலைதான். கட்டவிழ்த்து டொக்டர் பாக்கோணும், அதுக்கு வெள்ளாப்பில சீனிக்கார மனிசிய கட்டோட மறுகா பாதையில ஏத்தி பஸ்ஸில கொண்டு வாறதா? ராவில கண் குத்தி வாந்தி வந்தா பாதைய நம்பேலாது, வெல்லாவெளிப் பக்கத்தால சுத்தினா ஆனைப் பயம். வாட்டில நில்லுங்க, இல்லாட்டி டவுனுக்குக் கிட்ட சொந்தக்காரர் வீட்ட நில்லுங்க.

சம்மாந்துறை_நானா:
தங்கச்சி, மிஸ் சொல்றது சரி, ஆனா ஒரு ராவு வாட்டில நிண்டா எல்லாம் முடிஞ்சி என்டு நினைக்காதீங்க. எங்கட உம்மாவும் ஒரு ராவு நிண்டுதான் வந்தா, 5ம் நாள் கண் சிவந்து நோவும் கூடி பார்வையும் மங்கிப் போச்சி. விடியட்டும் என்டு பாக்காம அந்த ராவே கொண்டு போனம், கண்ணுக்குள்ள கிருமியாம், ஊசி போட்டு காப்பாத்தினாங்க அல்ஹம்துலில்லாஹ். அந்த நேரம் எல்லாரும் வீட்டதான் இருப்பீங்க, அதால சொட்டு மருந்து விடுற ஆளும் அவசரத்துக்கு வாகனமும்தான் முக்கியம். எங்களுக்கு தந்த 2 போத்தலும் ஒரே மாதிரி, எது எத்தின தரம் என்டு ஆரும் விளங்கப்படுத்தல்ல. ஒண்டுக்கு ஒரு ரப்பர் பேண்ட், மத்ததுக்கு ரெண்டு சுத்தி வெச்சம், உம்மா தடவிப் பாத்தே சொல்லுவா. ஒண்டு விட்டு 5 நிமிசம் கழிச்சி மத்தது, போத்தல் வாய் கண்ணுல படப்படாது.

மண்டூர்_மகள்:
எல்லாருக்கும் நன்றி. ஆரையம்பதியில சின்னம்மா வீடு இருக்கு, அங்க ஒரு கிழமை நிக்கலாம் என்டு அம்மாவும் சம்மதிச்சிட்டா. மிஸ், அன்டைக்கு காலையில சீனிக் குளிசை போடலாமா?

ஓய்வுபெற்ற_மிஸ்:
அத நான் இங்க சொல்லக்கூடாது மகள். கிளினிக்கில கேட்டு கொப்பியில எழுதுவிச்சி எடுங்க, ரத்தம் உறையாம இருக்க குளிசை ஏதும் குடிச்சா அதையும் காட்டுங்க. சீனி நல்லா ஏறினா அன்டைக்கு ஒபரேசனையே தள்ளி வெப்பாங்க, அதால இந்தக் கிழமையே ஒருக்கா சீனி பாத்துடுங்க.