எலியில் பக்கவாதத்துக்குப் பிறகு ஃப்ளூஆக்ஸெடின்: எந்த நாளில் தொடங்குவது?

நரம்பியல்_மாணவி:
ஸ்ப்ராக் டாலி (ஆய்வக எலி வகை) ஆண் எலிகள், எடை 280 கிராம் சுமார். பக்கவாதம் உண்டாக்க, ஃபிலமென்ட் (மெல்லிய இழை) செலுத்தி நடுப் பெருமூளைத் தமனியை 60 நிமிடம் அடைத்துவிட்டுத் திறப்பதாகத் திட்டம். ஃப்ளூஆக்ஸெடின் (மனச்சோர்வுக்கான மருந்து) நாளுக்கு 10 மி.கி./கி.கி., குடிநீரில் கலந்து. மருந்தை மறுநாளே தொடங்கலாமா, பொறுக்க வேண்டுமா? முன்னங்கால் மீட்சியை அளக்க சிலிண்டர் டெஸ்ட் (எலியை உருளைக்குள் விட்டுப் பார்ப்பது) மட்டும் போதுமா?

கரோட்டிட்:
பொறுங்கள். மறுநாளே கொடுத்தால், இன்ஃபார்க்ட் (ரத்தமின்றி இறந்த மூளைப் பகுதி) சிறுத்ததால் கால் தேறியதா, மிஞ்சிய மூளை புதுத் தொடர்புகளைப் போட்டுக்கொண்டதால் தேறியதா என்று பிரித்துச் சொல்ல வழியே இருக்காது. 3ஆம் நாள் எம்.ஆர்.ஐ. எடுங்கள், வசதி இல்லையென்றால் அன்று நடத்தைச் சோதனையாவது செய்யுங்கள். குறைபாடு ஏறக்குறைய சமமாக உள்ள எலிகளை ஜோடி சேர்த்து, அதற்குப் பிறகு குலுக்கிப் போட்டு மருந்துக் குழு, வெற்றுக் குழு (மருந்து பெறாதது) என்று பிரியுங்கள். அறுவைக்கு முன்பே பிரித்துவிட்டால் பெரிய இன்ஃபார்க்ட் எல்லாம் ஒரே குழுவில் போய் விழலாம்.

முந்திக் கொடுப்பது கெடுதலாகவும் முடியலாம். கார்மைக்கேல் குழு 2010இல் சுண்டெலியில் காட்டியது இதுதான்: காபா-ஏ ஆல்ஃபா-5 ஏற்பியை (நரம்பணுக்களை அடக்கி வைப்பது) தணிக்கும் மருந்து 3ஆம் நாளிலிருந்து கொடுத்தபோது இயக்கம் மேம்பட்டது, பக்கவாதம் வந்தவுடனே கொடுத்தபோது இன்ஃபார்க்ட் பெருத்தது.

இனி ஃபிலமென்ட். உங்கள் எடைக்கு சிலிகான் முனை பூசிய 4-0 நைலான், கழுத்திலுள்ள கரோட்டிட் தமனி கிளைபிரியும் இடத்திலிருந்து 18 முதல் 20 மி.மீ. வரை. தடுக்கும்போது விட்டுத் தள்ளினால் தமனி கிழிந்து சவ்வடி ரத்தக்கசிவு. எலி அன்றிரவே போய்விடும். குறைவாகத் தள்ளினால் அடைப்பே விழாது. இழை மூளைக்குப் போகாத டெரிகோபலட்டைன் கிளைக்குள் நுழைந்தாலும் அதே கதிதான். லேசர் டாப்ளர் (ரத்த ஓட்டத்தை அளக்கும் கருவி) இல்லாமல் இறங்காதீர்கள்: ரத்த ஓட்டம் அடிநிலையில் 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கி, 60 நிமிடமும் அங்கேயே நிற்க வேண்டும். நடுவில் மெல்ல ஏறிய எலியை விலக்கும் விதியை முன்கூட்டியே எழுதி வையுங்கள். மயக்க மருந்தான ஐசோஃப்ளூரேன் தானே மூளையைக் காக்கும் மருந்து என்பதால் மயக்க நேரம் எல்லா எலிக்கும் ஒன்றாக இருக்கட்டும்; உடல் வெப்பம் 37 டிகிரி.

வெளிக் கரோட்டிட்டைக் கட்டுவதால் மெல்லும் தசைகள் வலுவிழந்து எடை குறையும். முதல் வாரம் தீவனத்தை நனைத்துக் கூழாக, கூண்டுத் தரையிலேயே வையுங்கள்.

புறணிவாசி:
கரோட்டிட் சொல்வதில் பாதிக்கு உடன்படுகிறேன். தாமதிப்பதற்கும் விலை உண்டு. ஸீலர் குழு 2015இல் சுண்டெலியில் கண்டது: பயிற்சியை உடனே தொடங்கினால் பழைய திறன் திரும்புகிறது, ஒரு வாரம் தள்ளினால் பெரிதாகத் திரும்புவதில்லை. ஆனால் மறுநாளே ஃப்ளூஆக்ஸெடின் தொடங்கிய எலிகளுக்கு ஒரு வாரம் தள்ளிய பயிற்சியும் பலித்தது. அதாவது மருந்து கதவை மூடாமல் பிடித்து வைக்கிறது, உள்ளே நடப்பது பயிற்சியால்தான். உங்கள் திட்டத்தில் பயிற்சி என்ற பேச்சையே காணோமே!

எலியிலும் இப்படியொரு கெடு உண்டு. பியர்னாஸ்கி, கார்பெட் குழுவின் 2004 ஆய்வில் வளமூட்டிய கூண்டும் (விளையாட்டுப் பொருள்களும் துணை எலிகளும் உள்ளது) எட்டிப் பிடிக்கும் பயிற்சியும் 5ஆம் நாள் தொடங்கியபோது நல்ல பலன், 14இல் ஓரளவு, 30இல் ஒன்றுமில்லை. அதற்காக முதல் நாளே ஊனமான காலை வற்புறுத்தவும் கூடாது. நல்ல காலுக்கு உடனே கட்டுப்போட்டு 15 நாள் விட்ட எலிகளில் காயம் பெரிதானதை ஷாலர்ட் குழு 1996இலேயே காட்டியது.

மனிதரில் ஃபோகஸ் சோதனை (2018, 3127 பேர், நாளுக்கு 20 மி.கி., ஆறு மாதம்) செயல்பாட்டு மீட்சியில் பலன் காட்டவில்லை, எலும்பு முறிவுதான் கூடியது. மருந்தோடு கோத்த பயிற்சி எதையும் அந்தச் சோதனை வரையறுக்கவில்லை. எனவே நான்கு குழு வையுங்கள்: மருந்து மட்டும், பயிற்சி மட்டும், இரண்டும், இரண்டுமில்லை. மருந்து 3ஆம் நாள் குலுக்கலுக்குப் பின், பயிற்சி 5ஆம் நாள்.

பெல்லட்45:
சிலிண்டர் மட்டும் போதாது. அது எலி எந்தக் காலைச் சுவரில் ஊன்றுகிறது என்று மட்டுமே சொல்லும், காலின் நுணுக்கத்தைச் சொல்லாது. தவிர, அடிக்கடி வைத்தால் எலிக்குச் சலித்துப்போய் எழுந்து நிற்பதையே விட்டுவிடும். மங்கிய சிவப்பு விளக்கில், வாரம் ஒருமுறைக்கு மேல் வேண்டாம்.

கூடவே ஒற்றைப் பெல்லட் எட்டிப்பிடிக்கும் சோதனை: 45 மி.கி. சர்க்கரைப் பெல்லட், சுமார் 1 செ.மீ. பிளவு. அறுவைக்கு முன் இரண்டு மூன்று வாரம் பழக்கி, கற்றுக்கொள்ளாத எலியை அப்போதே விலக்குங்கள். வெற்றி எண்ணிக்கையை மட்டும் நம்பினால் ஏமாறுவீர்கள்: எலி உடம்பைத் திருப்பி, தோளைச் சாய்த்து பெல்லட்டை வாரிக்கொள்ளும், எண்ணிக்கை ஏறும், ஆனால் மணிக்கட்டு சுழலவே சுழலாது. அது ஈடுகட்டல், மீட்சி அல்ல. பக்கவாட்டில் கேமரா வைத்து அசைவுக்குத் தனி மதிப்பெண் போடுங்கள். போடுபவருக்கு எந்த எலி எந்தக் குழு என்று தெரியக்கூடாது.

நரம்பியல்_மாணவி:
நன்றி. ஃப்ளூஆக்ஸெடின் பசியைக் குறைக்குமே? பெல்லட்டுக்காக எட்டும் சோதனையில் அது குழப்பாதா?

பெல்லட்45:
குழப்பும். அதனால் முயற்சிகளையும் எண்ணி, நூறு முயற்சிக்கு எத்தனை வெற்றி என்று எழுதுங்கள். வெற்றுக் குழு எலிகளின் தீவனத்தை அளந்து, இரு குழுவின் எடையும் ஒத்துப்போகும்படி வையுங்கள். குடிநீரில் கலப்பதையும் கைவிடுங்கள். அடிபட்ட எலி முதல் சில நாள் சரியாகக் குடிக்காது. எடைக்கேற்ற மருந்து போய்ச் சேராது. தோலடி ஊசி, தினமும் ஒரே நேரம், பயிற்சி முடிந்த பிறகு.

கரோட்டிட்:
இன்னொன்று விட்டுப்போயிற்று. 60 நிமிட அடைப்பில் பல எலிகளுக்கு ஸ்ட்ரையேட்டம் (மூளையின் உட்பகுதி) தான் போகும், முன்னங்காலை இயக்கும் மூளைப் புறணி தப்பிவிடலாம். உங்கள் கேள்வி காலின் நுணுக்கம் பற்றியது என்றால், இயக்கப் புறணியில் எண்டோதீலின்-1 (ரத்தக் குழாயைச் சுருக்கும் பொருள்) செலுத்துவது பொருத்தம். கழுத்தில் கத்தியே வைக்க வேண்டாம், மெல்லும் தசையும் தப்பும்.