'கெட்' என்ற சொல்லுக்கு ஸ்பானிஷில் ஒரே சொல் போடலாமா?

#1 ஒற்றைப்பனை
ஸ்பானிஷ் தொடக்க வகுப்புக்கு ஒரு சொற்பட்டியல் தயாராகிறது. இடப்பக்கம் அன்றாட ஆங்கிலச் சொல், வலப்பக்கம் ஸ்பானிஷ். ஒன்றுக்கு ஒன்றுதான். 50 வரியும் ஒரே தாளில் அடங்க வேண்டும். முதல் பத்து இதோ:

கெட் – ஒப்தெனேர். டேக் – தொமார். டைம் – தியெம்போ. ஆஸ்க் – ப்ரெகுந்தார். நோ (தெரியும் என்பது) – சபேர். லீவ் – சலிர். சேவ் – சல்வார். ஃப்ரீ – லிப்ரே. ஆர்டர் – ஓர்தென். ரன் – கொறேர்.

பிழை இருந்தால் சொல்லுங்கள். ஸ்பானிஷில் இரட்டை ஆர் வரும் இடத்தில் ற போட்டிருக்கிறேன். பெரோ என்றால் 'ஆனால்', பெறோ என்றால் நாய். நம்மிடம் ற இருக்கும்போது அதை விடுவானேன்.

#2 கடலோடி
ற யோசனை அருமை. பட்டியல்தான் சரியில்லை. பத்துமே அகராதியில் இருக்கும் பொருள்கள்தான், ஆனால் பத்தையும் நம்பி ஒரு வாக்கியம்கூடப் பேச முடியாது.

'ஐ காட் ஹோம் லேட்' என்பதை உங்கள் பட்டியலை வைத்து மாற்றிப் பாருங்கள். 'ஒப்தூவே காசா தார்தே' என்று வரும். கேட்பவருக்கு ஏதோ வாரியத்தில் வீடு ஒதுக்கீடு தாமதமாகக் கிடைத்த மாதிரி இருக்கும். அங்கே வர வேண்டியது யெகார்: 'யெகே தார்தே அ காசா'. கடிதம் வந்தால் ரெசிபிர். வேலை கிடைத்தால் கொன்செகிர். பேருந்திலிருந்து இறங்கினால் பஹார்சே. காலையில் எழுந்தால் லெவந்தார்சே. 'ஐ கெட் இட்' என்றால் வெறும் எந்தியெந்தோ. ஒப்தெனேர் எங்கே வரும் என்றால் அனுமதி, பட்டம், முடிவு மாதிரியான இடங்களில். அலுவலகக் கடிதத்து வாடை அடிக்கும் சொல் அது.

#3 நெல்லைவாசி
கடலோடி சார், இது முதல் மாத வகுப்பு. ஆக்ஸ்ஃபோர்ட் ஆங்கில அகராதி 'ரன்' வினைக்கு மட்டும் 600-க்கு மேல் பொருள் தருகிறது. அத்தனையும் சொல்லிக் கொடுத்துவிட்டுத்தான் வாயைத் திறக்க வேண்டும் என்றால் யாரும் திறக்கவே மாட்டார்கள். மாணவருக்கு ஒரு சொல் கையில் இருக்கட்டும். தப்பாகவாவது பேசினால்தானே எதிரில் இருப்பவர் திருத்துவார்? பட்டியல் என்பது ஊன்றுகோல். நடக்கப் பழகியதும் அதுவே கீழே விழுந்துவிடும்.

#4 கடலோடி
விழாது சார், அதுதான் சிக்கல். முதலில் படித்த இணைச்சொல் கடைசிவரை நாக்கில் ஒட்டிக்கொண்டிருக்கும். 'ஆஸ்க் – ப்ரெகுந்தார்' என்று படித்தவர் உணவகத்தில் 'தண்ணீர் கேட்டேன்' என்பதற்கு 'ப்ரெகுந்தே அக்வா' என்பார். ப்ரெகுந்தார் கேள்வி கேட்பது, பெதிர் ஒரு பொருளையோ உதவியையோ கேட்பது. 'கேள்வி கேள்' என்பதற்கு இரண்டுமே வராது, 'அசேர் உனா ப்ரெகுந்தா', அதாவது கேள்வி செய் என்பார்கள்.

#5 பச்சைமிளகாய்
வகுப்பை விடுங்கள். இதே பட்டியலை எடுத்துக்கொண்டு யாராவது செயலி மொழிபெயர்க்கக் கிளம்பினால் என்ன ஆகும் என்று சொல்கிறேன்.

'சேவ்' பொத்தானுக்கு சல்வார் போட்டால் கோப்பைச் சேமிக்கவில்லை, உயிரைக் காப்பாற்றுகிறீர்கள். (சுடிதாரோடு வரும் சல்வாரும் இல்லை.) கோப்புக்குக் குவர்தார். '20 சதவீதம் சேவ்' என்ற விளம்பரத்துக்கு அஓறார். கோல்கீப்பர் செய்யும் 'சேவ்' ஸ்பெயினில் பரார், லத்தீன் அமெரிக்காவில் பல இடங்களில் அதஹார். ஒரு கடைச் செயலியின் ஒரே திரையில் முதல் இரண்டும் வரும்: விருப்பப் பட்டியலில் 'சேவ்', விலைக்குப் பக்கத்தில் 'சேவ்'.

'ஃப்ரீ' இன்னும் மோசம். காசில்லாமல் என்றால் கிராதிஸ். காலியான இருக்கை, கூப்பிட்டால் வரும் டாக்ஸி, கட்டற்ற மென்பொருள், இவையெல்லாம் லிப்ரே. சர்க்கரை இல்லாதது 'சின் அசூக்கார்'. பிஸ்கட் பாக்கெட்டில் லிப்ரே போட்டால் சர்க்கரைக்கு விடுதலை கிடைத்துவிடும். காசா சுதந்திரமா என்பதை ஆங்கிலத்து 'ஃப்ரீ'யால் பிரித்துச் சொல்ல முடியாமல்தான், கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன் வழிவந்த மென்பொருள்காரர்கள் 'லிப்ரே'யை அப்படியே கடன் வாங்கி, ஆங்கிலத்தில் ஏற்கெனவே இருந்த 'கிராதிஸ்' பக்கத்தில் வைத்துக்கொண்டார்கள்.

எங்கே உடைகிறது என்று பார்த்தால், செயலிகளை மொழிபெயர்க்கப் பயன்படும் கெட்டெக்ஸ்ட் முறையில் ஒரே ஆங்கிலச் சரம் (திரையில் வரும் சொல் அல்லது தொடர்) நிரலில் எத்தனை இடத்தில் வந்தாலும் மொழிபெயர்ப்புக் கோப்பில் ஒரே பதிவாகத்தான் நிற்கும். 'ஓப்பன்' என்ற சரம் மெனுவில் 'திற' என்ற கட்டளை, அங்கே அப்ரிர் வேண்டும். கோரிக்கைப் பட்டியலில் அதே சரம் 'இன்னும் முடியவில்லை' என்ற நிலை, அங்கே அபியெர்த்தோ அல்லது அபியெர்த்தா. பதிவு ஒன்றுதான் என்பதால் ஏதாவது ஓர் இடம் கெட்டே தீரும். நிரல் எழுதுபவர் ஒவ்வொரு சரத்துக்கும் சூழல் குறிப்பு சேர்க்க வேண்டும், அதாவது சாதாரண அழைப்புக்குப் பதில் பிகெட்டெக்ஸ்ட். அப்போதுதான் பதிவு இரண்டாகப் பிரியும். மொழிபெயர்ப்பாளர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் இதைத் தன் பக்கத்திலிருந்து சரிசெய்ய முடியாது.

இதில் ஆண்பால், பெண்பால் வேறு. 'நியூ' என்று தனியாக ஒரு சரம் வந்தால் கோப்புக்கு நுயேவோ, கோப்புறைக்கு நுயேவா. 'நன்' என்று வந்தால் எது இல்லை என்று தெரியாமல் நிங்குனோவா நிங்குனாவா என்று எப்படி முடிவுசெய்வது? அச்சுப்பொறி அங்கே பெண்பால்!

#6 ஒற்றைப்பனை
இது செயலிக்கு இல்லை, வகுப்புக்குத்தான். ஆனாலும் சேவ், ஃப்ரீ இரண்டையும் மாற்றுகிறேன். ஆர்டரில் என்ன தப்பு? ஓர்தென் என்றுதானே இருக்கிறது?

#7 பச்சைமிளகாய்
ஓர்தென் இரண்டு உண்டு. 'எல் ஓர்தென்' ஆண்பால், வரிசை, ஒழுங்கு. 'லா ஓர்தென்' பெண்பால், கட்டளை. அகர வரிசை என்றால் முதலாவது, தளபதி இடுவது இரண்டாவது. கடையில் நீங்கள் கொடுக்கும் ஆர்டர் இரண்டும் இல்லை, அது பெதிதோ. ஆனால் மெக்சிகோவில் தட்டு ஒன்றுக்கு 'உனா ஓர்தென் தே தாக்கோஸ்' என்பது சாதாரணம். சொல்லை எழுதும்போது எல், லா சேர்த்தே எழுதுங்கள். அதற்குத் தாளில் இரண்டு எழுத்து இடம்தான் போகும்.

#8 தாமிரபரணி
எல்லோரும் ஆங்கிலத்தை நடுவில் நிறுத்தி வைத்துக்கொண்டு மல்லுக்கட்டுகிறீர்கள். படிப்பவர்கள் தமிழர்கள். 'டேக்' என்ற சொல்லைத் தூக்கிவிட்டுத் தமிழிலிருந்தே போய்ப் பாருங்கள். கொண்டுபோ – யெவார். கொண்டுவா – த்ராயேர். செருப்பைக் கழற்று – கிதார்சே. மாத்திரை போடு – தொமார். போட்டோ எடு – சகார். இரண்டு மணி நேரம் ஆகும் – தர்தார். ஆங்கிலம் பெரும்பாலும் ஒரே சொல்லில் அமுக்கி வைத்திருப்பதை நாம் ஏற்கெனவே பிரித்துத்தான் பேசுகிறோம்.

வாக்கிய அமைப்பிலும் அப்படித்தான். 'ஐ லைக் காஃபி'யில் 'நான்' எழுவாய். 'மெ குஸ்தா எல் கஃபே' நம் 'எனக்குக் காபி பிடிக்கும்' மாதிரி. 'மெ துயேலெ லா கபேசா' – எனக்குத் தலை வலிக்கிறது. 'செ மெ ஒல்விதோ' – எனக்கு மறந்துபோச்சு. 'செ மெ அகபோ எல் தினேரோ' – எனக்குப் பணம் தீர்ந்துபோச்சு. இந்தக் கடைசி இரண்டையும் ஆங்கில வழியில் விளக்க அரைப்பக்கம் வேண்டும். தமிழருக்கு ஒரு வரி போதும்.

'கார்னர்' என்ற சொல்லையும் பாருங்கள். தெருமுனை எஸ்கீனா, அறைக்குள் இருக்கும் மூலை ரிங்கோன். கண்ணின் ஓரத்துக்கு 'ரபீயோ தெல் ஓஹோ' என்று தனியாகவே ஒரு பெயர். நமக்குக் கடைக்கண் இருக்கிறதே!

#9 நெல்லைவாசி
கடைக்கண் நன்றாக இருக்கிறது. ஆனால் தமிழும் ஏமாற்றும் அண்ணாச்சி. #4-இல் சொன்ன ப்ரெகுந்தார், பெதிர் இரண்டுக்கும் நம்மிடம் ஒரே 'கேள்'தான். பாட்டுக் கேட்பதும் அதே கேள், அது அங்கே எஸ்குச்சார். மீனும் அப்படித்தான். தண்ணீரில் நீந்தினால் பெஸ், பிடித்துச் சந்தைக்கு வந்தால் பெஸ்காதோ. 'எனக்கு அவரைத் தெரியும்' கொனோசேர், 'எனக்கு விடை தெரியும்' சபேர். நமக்கு இரண்டும் தெரியும்தான். (இதில் ஒரு லாபம் உண்டு, ஒப்புக்கொள்கிறேன்: 'நீச்சல் தெரியும்' என்பது அப்படியே 'சே நதார்'. ஆங்கில வழியில் வந்தவர்தான் 'புயேதோ' (என்னால் முடியும்) போட்டுத் தடுக்கி விழுவார்.)

'பிடிக்கும்' ஒப்புமையும் பாதிவழிதான் வரும். ஸ்பானிஷில் பிடிக்கிற பொருள்தான் எழுவாய். அது பன்மையானால் வினையும் மாறும்: 'மெ குஸ்தான் லோஸ் லிப்ரோஸ்'. நம் 'பிடிக்கும்' ஒருமைக்கும் பன்மைக்கும் அசையாது. ஆகவே அந்தக் கடைசி ன் தமிழர் வாயில் விழுந்துவிடும்.

பெரிய பள்ளம் சேர், எஸ்தார்: ஆங்கில 'பி' வினைக்கு ஸ்பானிஷில் உள்ள இரண்டு வினைகள். 'அவர் டாக்டர்' – வினை இல்லை, அங்கே சேர். 'வீட்டில் இருக்கிறார்' – எஸ்தார். இதுவரை அழகாகப் பொருந்தும். ஆனால் 'வீடு பெரிசா இருக்கு' என்று நாம் 'இரு' போடுகிறோமே, அங்கே அவர்கள் சேர் போடுவார்கள். 'இரு வந்தால் எஸ்தார்' என்று சொல்லிக்கொடுத்தால் ஒரு வாரத்தில் எல்லா வீடும் தற்காலிகமாகப் பெரிதாக இருக்கும்.

#10 தாமிரபரணி
'பெரிசா இருக்கு' விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. தமிழ் எல்லா இடத்துக்கும் உதவாது. டேக், கெட் மாதிரி இடங்களில் ஆங்கிலத்தைவிட உதவும் என்பதுதான் என் கட்சி.

#11 கடலோடி
கெட்டில் எல்லா இடத்திலும் உதவாது. 'கெட்' உடன் பெயரடை வந்தால் தமிழில் 'ஆகு', 'ஆயிடு' என்று ஒரே அச்சில் வார்த்துவிடுவோம். ஸ்பானிஷில் நான்கு கதவு:

பொனேர்சே – சட்டென்று வந்து போகும் நிலை. பதற்றமாகிவிட்டான்: 'செ பூசோ நெர்வியோசோ'.
வொல்வேர்சே – ஆளே மாறிப்போவது. சுயநலக்காரனாகிவிட்டான்: 'செ வொல்வியோ எகோயிஸ்தா'.
அசேர்சே – முயன்றோ மெல்ல மெல்லவோ ஆவது. பணக்காரனானான்: 'செ இசோ ரிக்கோ'.
கெதார்சே – ஒன்று நடந்து முடிந்தபின் எஞ்சும் நிலை, பெரும்பாலும் இழப்பு. காது கேளாமல் போனது: 'செ கெதோ சோர்தோ'.

சோதிக்க ஒரு வழி இருக்கிறது. மாற்றம் முடிந்தபின் அந்த ஆளைப் பற்றி என்ன சொல்வீர்கள்? 'எஸ்தா நெர்வியோசோ' என்று எஸ்தார் வந்தால் பொனேர்சே. 'எஸ் எகோயிஸ்தா' என்று சேர் வந்தால் வொல்வேர்சே அல்லது அசேர்சே. பெரும்பாலும் இது பிடிக்கும். பைத்தியமாவதில் மட்டும் காலை வாரும்: 'செ வொல்வியோ லோக்கோ', ஆனால் 'எஸ்தா லோக்கோ'.

கோபப்படுதல் இந்த நான்கிலும் சேராது, அதற்குத் தனி வினை. ஸ்பெயினில் என்ஃபதார்சே, மெக்சிகோவிலும் அர்ஹென்தீனாவிலும் எனொஹார்சே. வயதாவதற்கு என்வெஹெசேர்.

#12 சுண்டைக்காய்
குறுக்கே வருகிறேன். 'டேக் தி பஸ்'ஸுக்கு தொமார் போட்டதுதான் இந்தப் பட்டியலிலேயே நல்ல முடிவு. ஸ்பெயின் புத்தகங்கள் எல்லாம் கொஹேர் என்று இருக்கும். அதை லத்தீன் அமெரிக்காவில் சொன்னால் கெட்ட வார்த்தை.

#13 பச்சைமிளகாய்
லத்தீன் அமெரிக்கா முழுக்க இல்லை. மெக்சிகோ, அர்ஹென்தீனாவில் ஆபாசம். கொலம்பியாவிலும் கியூபாவிலும் பேருந்தைக் கொஹேர் செய்வது யாருக்கும் உறுத்தாது. சந்தேகம் வந்தால் ஸ்பானிஷ் அகாதமிகளின் சங்கம் 2010-இல் வெளியிட்ட அமெரிக்க வழக்கு அகராதியைப் புரட்டுங்கள், நாடுவாரியாகக் குறித்திருக்கும். தொமார் எங்கே போனாலும் செல்லும் என்பது உண்மை. பேருந்துக்குப் பெயர்தான் மாறும்: ஸ்பெயினில் அவுதொபூஸ், மெக்சிகோவில் கமியோன், புவெனோஸ் அயிரெஸில் கொலெக்தீவோ.

#14 நெல்லைவாசி
சரி, பாதி இறங்கி வருகிறேன். கெட், டேக், ரன் மாதிரி நடுமையமே இல்லாத சொற்களுக்கு ஒற்றை இணை போடக்கூடாது. ஆனால் ஆஸ்க், நோ, டைம் போன்றவற்றுக்கு இரண்டு மூன்று வாசல்தான். அவற்றைப் பட்டியலில் வைக்கலாம். டைமுக்குக் கடிகாரம் காட்டுவது ஓரா, எத்தனை தடவை என்பது வெஸ், கையிருப்பில் உள்ள நேரம் தியெம்போ. வானிலையும் தியெம்போ என்பதை ஓரமாக எழுதிவிடுங்கள். 'புயென் தியெம்போ' என்றால் 'நல்ல பொழுதுபோக்கு' என்று நினைப்பார்கள், மழை இல்லை என்றுதான் அர்த்தம்.

#15 கடலோடி
இதற்கு எனக்கு ஆட்சேபணை இல்லை. ஒரே ஒரு நிபந்தனை: தனிச்சொல்லாக எழுதாமல் துணைச்சொல்லோடு எழுதுங்கள். 'ஆஸ்க் – பெதிர்' வேண்டாம், 'உதவி கேள் – பெதிர் அயூதா' என்று இருக்கட்டும்.

#16 நெல்லைவாசி
50 வரி 150 ஆகும். ஒரே தாள் என்றார்களே.

#17 கடலோடி
பின்பக்கம் வெறுமையாகத்தானே இருக்கிறது.

#18 ஒற்றைப்பனை
கெட் வரியை எடுத்துவிட்டு ஆறு வரி போட்டிருக்கிறேன்:

கடிதம் கிடை – ரெசிபிர் உனா கார்த்தா
வேலை கிடை – கொன்செகிர் த்ரபாஹோ
வீடு போய்ச்சேர் – யெகார் அ காசா
பேருந்திலிருந்து இறங்கு – பஹார்சே தெல் அவுதொபூஸ்
பதற்றமாகு – பொனேர்சே நெர்வியோசோ
ஒருவரைக் கல்யாணம் செய் – கசார்சே அ

டேக்குக்குத் தாமிரபரணி கொடுத்த வரிசையை அப்படியே வைத்துக்கொண்டேன். ரன்னுக்குக் கால் ஓடினால் கொறேர், இயந்திரம் ஓடினால் ஃபுன்சியொனார், நிரல் ஓட்டினால் எஹெகுதார்.

#19 பச்சைமிளகாய்
கடைசி வரியில் 'அ' இல்லை, 'கொன்'. கசார்சே கொன். 'கொன்' என்றால் 'உடன்', ஒருவரோடு கல்யாணம் ஆகிறது. கனவு காண்பதற்கும் சொனியார் கொன்தான், அதையும் பின்பக்கத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் 'நெர்வியோசோ' ஆணுக்கு மட்டும். பெண்ணுக்கு நெர்வியோசா என்று பக்கத்திலேயே போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் வகுப்பில் பாதிப் பேர் ஆணாகப் பதறிக்கொண்டிருப்பார்கள்.