டயப்பர் நனைகிறது என்று நம்பிவிடாதீர்கள்: மூத்திரக் குழாயில் வால்வு அடைப்புள்ள பையன்களின் வீட்டு அனுபவங்கள்

ஈரோட்டு அம்மா:
ஐந்தாம் மாத ஸ்கேனிலேயே இரண்டு கிட்னியும் வீங்கியிருந்தது. "பிறந்த உடனே குழந்தைகள் சர்ஜனிடம் காட்ட வேண்டும்" என்றார் டாக்டர், அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. மூத்திரக் குழாயில் சவ்வு மாதிரி வளர்ந்து வழியை அடைக்கும் இந்த வால்வு ஆண் குழந்தைகளுக்கு மட்டும்தான் வரும். நம் ஊரில் ஆணா பெண்ணா என்று சொல்லக்கூடாதே, பிறகு எப்படி அந்தப் பேச்சை எடுப்பார்!

பிறந்ததும் டயப்பர் ஓயாமல் நனைந்தது. "நல்லாத்தானே போறான்" என்று அத்தைக்கு நிம்மதி. பார்த்தால் சொட்டுச் சொட்டாக வழிகிறது. அடிவயிற்றில் கை வைத்தால் எலுமிச்சம்பழம் போல உருண்டையாக, கெட்டியாக மூத்திரப்பை. அன்றே மூத்திரம் வடிய மெல்லிய டியூப் போட்டார்கள். கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று ரத்தத்தில் பார்க்கும் கிரியாட்டினின் அளவு முதல் நாள் நார்மல்தான். ஆனால் அது தாயின் ரத்தக் கணக்காம், சில நாள் கழித்து எடுப்பதுதான் குழந்தையுடையது என்றார்கள். எங்களுக்கு அது ஏறித்தான் இருந்தது. பிறகு எக்ஸ்ரேயில் மருந்து ஏற்றிப் பார்த்து உறுதி செய்து, உள்ளே கேமரா விட்டு வால்வை எரித்தார்கள். ஒரு வயதுக்குள் கிரியாட்டினின் 0.8-க்குக் கீழே இறங்கினால் நல்லது என்றார் சர்ஜன். பிறந்தநாளுக்கு முன் எடுத்ததில் 0.6.

வார்டு நர்ஸ்:
டியூப் போட்டதும் யூரின் கொட்டும். வீட்டார் சந்தோஷப்படுவார்கள், எங்களுக்கு அப்போதுதான் வேலை. தண்ணீரோடு உப்பும் போய்க் குழந்தை சுருண்டுவிடும். மணிக்கு மணி அளந்து, அதற்கேற்ப டிரிப் ஓட்டுவோம்.

திருச்சி அப்பா:
எங்களுக்கு ஆறு வயதில்தான் தெரிந்தது. பகலிலும் டவுசர் ஈரமாகும். "வளர்ந்தா சரியாயிடும்" என்று சொல்லாதவர்களே இல்லை. முக்கி முக்கித்தான் போவான், தாரை காலடியிலேயே விழும். ஒரு கிட்னி ஏறக்குறைய போய்விட்டது. வால்வை எடுத்தும் பை முழுசாகக் காலியாவதில்லை. மூன்று மணிக்கொரு முறை போக வேண்டும், போய்விட்டுச் சற்று நின்று மறுபடி போக வேண்டும். டாக்டர் கடிதத்தைக் காட்டிய பிறகுதான் வகுப்பில் எழுந்து போக விடுகிறார்கள். அடுத்து, வேளாவேளைக்கு டியூப் விட்டு எடுக்கும்படி இருக்கலாம் என்கிறார்கள். செய்கிறவர்கள் யாராவது இருந்தால், பள்ளி நேரத்தில் அதை யார் செய்கிறார்கள் என்று சொல்லுங்களேன்.