கலைச்சொல் வேண்டும்: விதியின் ஓட்டைக்குள் புகுந்து ஆடுவதற்கு

க. (ஸ்காப்ரோ) எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வார இறுதித் தமிழ் வகுப்பில் பெரிய பிள்ளைகள் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை (ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பகடை உருட்டி ஆடும் ஆட்டம்) முழுக்கத் தமிழில் ஆடிப் பார்க்கப் போகிறார்கள். அதன் 5.1 விதித்தொகுப்பு 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வந்துவிட்டதால், மொழிபெயர்க்க யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை. வேண்டிய பக்கங்களை முடித்துவிட்டோம். ஆட்டத்தை நடத்துபவருக்காக நாங்களே எழுதும் கையேட்டில்தான் ஓர் அத்தியாயம் தலைப்பில்லாமல் நிற்கிறது.

விதியில் உள்ளதை எழுத்துக்கு எழுத்து பிடித்துக்கொண்டு, எழுதியவர் நினைத்தே பார்க்காத பலத்தைத் தன் பாத்திரத்துக்குச் சேர்க்கிறார் ஒருவர். இந்தச் செயலுக்கு ஒரு சொல், செய்பவருக்கு ஒரு சொல் வேண்டும். மின்-மேக்ஸ், எக்ஸ்ப்ளாய்ட், மன்ச்கின் என்று பிள்ளைகள் எல்லாவற்றையும் கலந்து சொல்கிறார்கள். வெள்ளிக்கிழமை அச்சுக்குக் கொடுக்க வேண்டும்.

ந. (மதுரை) எழுதியது:

தம்பி, புதுச்சொல் எதற்கு? 'புரை' இருக்கிறதே. புரை என்றால் துளை, உட்குழிவு, குற்றமும்கூட. 'புரைதீர்ந்த நன்மை' என்றார் வள்ளுவர். விதியில் உள்ள ஓட்டை விதிப்புரை. அதை வைத்து ஆடுவது புரையாடல். செய்பவர் புரையாளர். 'உரையாடல்' என்ற சொல்லின் ஓசையும் உடன் வருவதால் பிள்ளைகள் நாக்கில் எளிதில் நிற்கும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். தொல்காப்பிய உரியியல் 'புரை உயர்பு ஆகும்' என்கிறது. ஓட்டை வழியாக உயர்வு அடைகிறவனுக்கு இரண்டு பொருளும் பொருந்தும்.

இடையே ஒரு வேண்டுகோள்: அனுப்பிய மாதிரிப் பக்கத்தில் 'பகடை' என்று இருக்கிறது. 'கவறு' என்று மாற்றுங்கள். 'கவறும் கழகமும் கையும்' என்ற குறளில் கழகம் என்பதே சூதாடும் இடம்தான். அந்தச் சொல் அங்கிருந்து அரசியல் மேடைவரை நடந்து வந்த கதையைத் தனியே எழுதுகிறேன்.

ம. (சென்னை) எழுதியது:

ஐயா, 'புரை' என்றதும் என் அம்மா கண்புரை அறுவை சிகிச்சையைத்தான் நினைப்பார். என் மகனுக்குச் சாப்பிடும்போது புரையேறும். இரண்டையும் தாண்டி ஒரு பதினான்கு வயதுப் பிள்ளை உரியியலுக்குப் போய்ச் சேர வேண்டும் என்றால், அந்தச் சொல் வேலை செய்யாது.

தெருவில் விளையாடும் பிள்ளைகளிடம் சொல் தயாராக இருக்கிறது: போங்கு. போங்காட்டம், அழுகுணி ஆட்டம். விளக்கமே வேண்டாம். பெரியவர்கள் 'சந்துல சிந்து பாடுறான்' என்பார்கள். அதிலிருந்து 'சந்தாட்டம்' என்றுகூட எடுக்கலாம்.

சி. (யாழ்ப்பாணம்) எழுதியது:

எங்கள் பக்கம் போங்கு இல்லை. 'அளாப்பல்' என்போம். கிளித்தட்டில் கோட்டை மிதித்துவிட்டு மிதிக்கவில்லை என்று நிற்பவன் அளாப்புகிறான். ஸ்காப்ரோப் பிள்ளைகளின் வீடுகளில் இது இன்னும் புழங்கும் சொல்.

சந்தாட்டம் வேண்டாம். சந்தா கட்டி ஆடும் ஆட்டம் என்று வாசிப்பார்கள்.

வே. (பெங்களூரு) எழுதியது:

மூன்றாம் பதிப்பு காலத்திலிருந்து இந்த ஆட்டத்தை ஆடி வருகிறேன். சொல் தேடும் முன் பொருளைப் பிரித்துக்கொள்வோம். போங்கும் அளாப்பலும் விதியை மீறுவது. இங்கே கேட்பது அதற்கு நேர் எதிர். இவர் ஒரு விதியையும் மீறுவதில்லை. மற்ற எல்லோரையும்விட விதிக்கு விசுவாசமானவர். தொல்லையே அதுதான்.

முதல் வகை, கணக்குப் பார்த்துக் கட்டுவது. ஐந்தாம் பதிப்பில் பாத்திரத்தின் ஆறு பண்புகளுக்கும் சேர்த்து 27 புள்ளிகள். எதையும் 8-க்குக் கீழே இறக்க முடியாது, புள்ளி கொடுத்து 15-க்கு மேலே ஏற்றவும் முடியாது. வாள்வீரனுக்குப் பேச்சுத்திறன் எதற்கு என்று அதை 8-இல் விட்டுவிட்டு, மிச்சத்தை உடல்வலிமையில் கொட்டுகிறார். இதில் குற்றமே இல்லை. வடிவமைத்தவர்களும் இதை எதிர்பார்த்தார்கள்.

இரண்டாம் வகைதான் க. கேட்பது. நல்ல எடுத்துக்காட்டு 'காஃபிலாக்'. வார்லாக் என்ற மந்திரவாதி வகுப்பின் மந்திர இடங்கள் (ஓர் இடத்தைச் செலவழித்தால் ஒரு மந்திரம் போடலாம்) ஒரு மணி நேரச் சிறு ஓய்விலேயே திரும்பிவிடும். சோர்சரர் (இன்னொரு மந்திரவாதி வகுப்பு) தன் மந்திர இடத்தை உடைத்துப் புள்ளியாக்கலாம், புள்ளியிலிருந்து புது இடம் செய்யலாம். அப்படிச் செய்த இடம் நெடு ஓய்வு (இரவுத் தூக்கம் போன்றது) முடியும்போதுதான் மறையும். இரண்டு வகுப்பையும் ஒரே பாத்திரத்தில் சேர்த்துவிட்டு நெடு ஓய்வே எடுக்காமல் இருந்தால்? சிறு ஓய்வாக எடுத்து எடுத்து இடங்களைக் குவித்துக்கொண்டே போகலாம். எந்த வரியிலும் தப்பில்லை. தனித்தனியே சரியாக எழுதிய இரண்டு விதிகள் சேரும் மூட்டில்தான் கசிகிறது. 2017-இல் வந்த துணைநூல், 24 மணி நேரம் நெடு ஓய்வு எடுக்காதவர் களைப்பைத் தாங்குகிறாரா என்று கவறு உருட்டிப் பார்க்கச் சொன்னது (ஐயா சொன்ன சொல்லையே போட்டிருக்கிறேன்). அது விருப்பவிதி மட்டுமே.

3.5 பதிப்பில் இதைவிட விசித்திரம் ஒன்று உண்டு. சாகக் கிடப்பவரின் உயிர்ப்புள்ளி பூஜ்யத்துக்குக் கீழே போயிருக்கும். தண்ணீரில் மூழ்குகிறவரின் புள்ளி 0 ஆகும் என்கிறது மூழ்கல் விதி. ஆகவே −8-இல் கிடப்பவனைத் தண்ணீரில் அமுக்கினால் 0-க்கு ஏறுகிறான். மருத்துவம்!

மூன்றாவது, காகிதத்தில் மட்டும் வாழ்பவை. அதே 3.5-இல் பன்-பன் என்ற கோபோல்ட் (செதில் உள்ள ஒரு சிறு உயிர்). செதில் உள்ள உயிர்களின் உடலையும் ஆற்றலையும் மாற்றும் சக்தி ஒரு பழைய இனத்துக்கு உண்டு என்று 2004-இல் வந்த ஒரு நூலில் எழுதியிருந்தார்கள். எவ்வளவு மாற்றலாம் என்று வரம்பு எழுதவில்லை. அந்தச் சக்தியை ஒரு கோபோல்ட் தனதாக்கிக்கொண்டால் அதன் பலத்துக்கும் வரம்பில்லை. இதைக் கட்டியவர்கள் ஆடுவதற்காகக் கட்டவில்லை, விதி எதுவரை வளையும் என்று பார்க்கத்தான் கட்டினார்கள். அந்த உழைப்பின்மீது எனக்கு மதிப்பு உண்டு. மூன்றுக்கும் ஒரே சொல்லைப் போட்டால், முதல் வகைப் பிள்ளையையும் திருடன் என்று திட்டியதாகிவிடும்.

ம. எழுதியது:

முதல் வகைக்கு 'உகப்பாக்கம்' (ஆப்டிமைசேஷன்) போதும். கணிதத்திலும் கணினியிலும் ஏற்கெனவே புழங்குகிறது. பாத்திர உகப்பாக்கம்.

ந. எழுதியது:

உகப்பாக்கம் முற்றிலும் சரி. 'உகப்பே உயர்தல், உவப்பே உவகை' என்று அதே உரியியல் பிரித்துக் காட்டுகிறது. பலரும் உகப்பை மகிழ்ச்சி என்று நினைத்து மருள்கிறார்கள். உயரச் செய்வதே உகப்பாக்கம்.

வே. சொன்ன இரண்டாம் வகையைப் படித்ததும் நம் உரையாசிரியர்கள்தான் நினைவுக்கு வந்தார்கள். தொல்காப்பிய நூற்பாவில் ஒரு சொல் மிகையாகத் தோன்றினால் உரையாசிரியர் இளம்பூரணர் அதை விட்டுவைப்பதில்லை. 'இலேசினால் கொள்க', அதாவது அந்தச் சிறு மிகையை வைத்துக் கொள்க என்று சொல்லி, நூற்பா பேசாத ஒரு சொற்புணர்ச்சியையும் அதற்குள் அடக்கிவிடுவார். நூலாசிரியர் நினைத்தாரா என்பது வேறு கேள்வி. எழுத்தில் இடம் இருக்கிறது, எடுத்துக்கொள்கிறார். இதுவே இரண்டாம் வகை. ஆகவே என் புரையைக்கூட விட்டுத்தருகிறேன்: 'இலேசாடல்'.

எழுத்தைப் பிடிப்பவருக்கும் கருத்தைப் பிடிப்பவருக்கும் இடையிலான சண்டைக்கும் நன்னூலில் வழி உண்டு. 32 உத்திகளில் ஒன்று 'உய்த்துணர வைப்பு'. பத்துக் குற்றங்களில் ஒன்று 'மயங்க வைத்தல்'. விதி எழுதுபவர் முன்னதைச் செய்ததாக நினைத்துப் பின்னதைச் செய்துவிட்டால் ஓட்டை பிறக்கிறது. இதைக் கையேட்டில் அப்படியே சேர்க்கலாம்.

சி. எழுதியது:

ஐயா, இலேசு என்றால் இன்று சுலபம் என்றுதான் பொருள். இலேசாடல் சுலபமான ஆட்டம் என்றாகிவிடும். அதோடு அது 'லேசம்' என்ற வடசொல். கிரந்தம் கலந்ததற்காகப் போன மாதம் என் சொல்லைத் தள்ளியவர் நீங்கள்.

ந. எழுதியது:

தொல்காப்பிய உரைமரபில் ஆயிரம் ஆண்டு இருந்த சொல் தமிழ்ச்சொல்தான். வடவெழுத்து ஒருவியதால் (நீங்கியதால்) அது தமிழ்ச்சொல்லாகிவிட்டது. போன மாதச் சொல்லில் எழுத்தே ஒருவவில்லை. இரண்டும் வேறு.

ம. எழுதியது:

பேச்சில் 'இண்டு இடுக்கு' எல்லோருக்கும் தெரியும். விதியில் உள்ள இடம் விதியிடுக்கு, ஆடுவது இடுக்காட்டம், ஆடுபவர் இடுக்காடி. கூத்தாடி மாதிரி. திட்டும் இல்லை, புகழும் இல்லை. யாழ்ப்பாணத்திலும் புரியும், மதுரையிலும் புரியும்.

வே. எழுதியது:

எனக்குச் சம்மதம். ஒன்றை மட்டும் இடுக்காட்டத்தில் சேர்க்காதீர்கள்: குடியானவர் பீரங்கி. 2,280 குடியானவர்களை வரிசையில் நிறுத்துகிறார்கள். ஆளுக்கு 5 அடிக் கட்டம், மொத்தம் 11,400 அடி. ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்கு ஈட்டி மாறுகிறது. எல்லோரும் தங்கள் செயலை முன்கூட்டியே தயாராக வைத்திருப்பதால் ஒரே சுற்றுக்குள், அதாவது 6 விநாடியில், ஈட்டி மறுமுனைக்குப் போய்விடும். விநாடிக்கு 1,900 அடி, ஒலியை மிஞ்சிய வேகம். இதுவரை விதி. அதற்குப் பிறகு, இவ்வளவு வேகத்தில் வரும் ஈட்டி கோட்டையையே உடைக்கும் என்று இயற்பியலுக்குத் தாவுகிறார்கள். விதிப்படி கடைசி ஆள் எறிந்தாலும் அது ஒரு சாதாரண ஈட்டிதான், ஓர் ஆறுமுகக் கவறு உருட்டி வருகிற சேதம்தான். பாதி வழி விதியிலும் பாதி வழி இயற்பியலிலும் போவது இடுக்கு அல்ல, அளாப்பல். 2024-இல் வந்த நடத்துநர் நூலே, விதிகள் இயற்பியல் அல்ல என்று இந்த உதாரணத்தை வைத்தே சொல்லிவிட்டது. நல்லெண்ணத்தோடு படித்தால்தான் விதி வேலை செய்யும் என்றும் அதில் இருக்கிறது.

க. எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பாத்திர உகப்பாக்கம், இடுக்காட்டம், அளாப்பல் என்று மூன்று தலைப்பாகப் பிரித்துவிட்டேன். அளாப்பலுக்குப் பக்கத்தில் போங்கையும் போடுகிறேன். பகடை கவறாக மாறிவிட்டது. இடுக்காடி என்றதும் பிள்ளைகள் உடனே பிடித்துக்கொண்டார்கள்.

ந. எழுதியது:

பெரும்பான்மை முடிவுக்குத் தடை சொல்லவில்லை. இடுக்கு என்பது 'இடுகு' என்ற சுருங்கல் வேரிலிருந்து வருவது, இடுங்கிய கண்தான் இடுக்கண். குறுகலைக் காட்டும், ஓட்டையைக் காட்டாது. என் மறுப்பு பதிவாக இருக்கட்டும். சொல்லடைவில் இலேசாடலுக்கு ஒரு வரி கொடுங்கள்.

க. எழுதியது:

ஒரு வரி உண்டு ஐயா. கடைசியாக ஒன்று: வாள்வீரனுக்கு வேண்டாம் என்று 8-இல் விடுகிற பண்புக்கு என்ன சொல்லலாம்?

ம. எழுதியது:

கழித்துவிடுவதால் 'கழிபண்பு'?

ந. எழுதியது:

கூடவே கூடாது. 'சால உறு தவ நனி கூர் கழி மிகல்'. கழிபண்பு என்றால் மிகுந்த பண்பு என்று பொருள், நீங்கள் நினைப்பதற்கு நேர் எதிர். இதற்குத் தனி இழை தொடங்குங்கள்.