புதுப்பிப்பு: ரீட்-ஒன்லியாக மாறிய எக்ஸ்ட்4 பார்ட்டிஷன்

பெரிய கோப்புகளை நகலெடுக்கும்போது லினக்ஸில் எக்ஸ்ட்4 (லினக்ஸின் ஒரு கோப்பு முறைமை) பார்ட்டிஷன், அதாவது டிஸ்க்கின் ஒரு பகுதி, திடீரென ரீட்-ஒன்லியாகிவிடுகிறது (படிக்க மட்டும் முடியும், எழுத முடியாது), ஹார்ட் டிஸ்க் போய்விட்டதா என்று கேட்டிருந்தேன். டிஸ்க் நன்றாகத்தான் இருக்கிறது. டிஸ்க்கின் நிலையைக் காட்டும் ஸ்மார்ட்சிடிஎல் கருவியின் அறிக்கையில் 5ஆம் எண், அதாவது ரீஅலோகேட்டட் செக்டார் (கெட்டுப்போனதால் மாற்றப்பட்ட செக்டார்களின் எண்ணிக்கை), பூஜ்யம். 199ஆம் எண்ணில் வரும் சிஆர்சி பிழை (டேட்டா கடத்தும்போது ஏற்படும் பிழை) மட்டும் ஏறிக்கொண்டே போனது. பெரும்பாலும் அது டிஸ்க்கை மதர்போர்டுடன் இணைக்கும் சாட்டா கேபிளின் கோளாறு. மாற்றியதும் ஏறுவது நின்றுவிட்டது. (பழைய எண்ணிக்கை பூஜ்யத்துக்குத் திரும்பாது, பயப்பட வேண்டாம்.)

அப்புறம், உடனே எஃப்எஸ்சிகே (கோப்பு முறைமையைச் சோதித்துச் சரிசெய்யும் கருவி) ஓட்டச் சொன்னவர்களுக்கு: முதலில் டேட்டாவை வேறு டிஸ்க்கில் எடுத்து வைத்தேன், பார்ட்டிஷனை அன்மவுன்ட் செய்த (பயன்பாட்டிலிருந்து விடுவித்த) பிறகுதான் ஓட்டினேன். மவுன்ட் ஆகியிருக்கும்போது ஓட்டினால் இருப்பதும் கெட்டுவிடலாம்.

ஜர்னல் (மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் பதிவேடு) இருக்கிறதே, கோப்புகளுக்கு ஒன்றும் ஆகாது என்றும் சிலர் சொன்னார்கள். இயல்பான அமைப்பில் எக்ஸ்ட்4 ஜர்னல் மெட்டாடேட்டாவைத்தான் (கோப்பின் பெயர், அளவு, இடம் போன்ற விவரங்கள்) பதிவு செய்யும், கோப்பின் உள்ளடக்கத்தை அல்ல. எனக்கும் பாதியில் நின்ற சில வீடியோக்கள் திறக்கவில்லை, பேக்கப்பிலிருந்து மீட்டாயிற்று.